கண்ணாடி எடுத்து வெச்சியா? – சித்தப்பாவோடு பாகாயம் போன நாலு நாள்

முதல் நாள்: சேந்தமங்கலம் – வேலூர்

"கண்ணாடி எடுத்து வெச்சியா கண்ணு?"

இன்று காலை சித்தப்பா கேட்ட முதல் கேள்வி. மருந்துச்சீட்டு, ஸ்கேன் கவர், பணம் எல்லாம் அப்புறம்தான். நான் மூக்குக் கண்ணாடி என்று நினைத்து அவர் சட்டைப் பையைப் பார்த்தேன். அவர் கேட்டது வேறு. பைக்கின் பக்கக் கண்ணாடி ஒன்றை ஒன்றரை அடிக் கம்பியில் பற்றவைத்த சாமான் அது. நாமக்கல்லில் நான் கணக்கு எழுதுகிற லாரி பாடி பட்டறையில், எங்கள் வெல்டர் காசு வாங்காமல் செய்து கொடுத்தது. எதற்கு என்று அப்போது நான் கேட்கவில்லை. சவரத்துக்கு இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சித்தப்பாவுக்கு வயது 52. பதினோரு வருடத்துக்கு முன் கொல்லிமலையில் மிளகு பறிக்கப் போனார். ஒற்றை மூங்கில் ஏணி வழுக்கி, சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தார். தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அப்போதிருந்து வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மறுவாழ்வு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குப் போய்வருகிறார். வழக்கமாக அவர் மகன் கூட்டிப் போவான். அவனுக்குத் திருப்பூரில் லீவு கிடைக்காததால் இந்த வருடம் நான்.

வாடகை வேன். இஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிற பழைய வகை. ஏற்றி இறக்கச் சுலபம் என்று அவரை முன்னால் உட்கார வைத்தேன். இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இராசிபுரம் ரோட்டில் வலப்பக்கம் கொல்லிமலை கூடவே வந்தது. சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டே, "எங்க ஆஸ்பத்திரியோட வேர் இந்த மலையில இருக்குதுன்னா நீ நம்புவியா?" என்றார். மலைமேல் விழுந்த மனுஷன் ஏதோ தத்துவம் பேசுகிறார் என்று நினைத்தேன். தத்துவம் இல்லை, வரலாறு.

கை அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவலின், இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். இன்றைக்கு மலைக்குப் போக காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அன்றைக்கு நடை, இல்லாவிட்டால் டோலி. நரம்புச்சிலந்தி பிடித்த கால்களிலிருந்து புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி ஜெஸ்ஸி வெளியே எடுப்பாராம். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும், உள்ளே சீழ் வைக்கும். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான். பையனைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்தபோது பால் பக்கத்தில் இல்லை. அம்மா மட்டும் திரும்பி வந்து, தொண்ணூறு வயது தாண்டியும் மலையிலேயே இருந்து 1974-ல் போனார்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பால் பிராண்ட் மருத்துவம் படிப்பதற்கு முன் சில வருடம் லண்டனில் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றிருக்கிறார். பட்டறைக்காரன் எனக்கு இது போதும். பின்னால் அவர் தொழுநோயாளிகளின் கைக்குச் செய்ததைப் படிக்கும்போது, இது ரம்பமும் உளியும் பிடித்த மூளை என்று தோன்றுகிறது.

வழியெல்லாம் சித்தப்பாவின் கைக்கடிகாரம் கால் மணிக்கு ஒரு தரம் 'பீப்' என்றது. ஒரே இடம் அழுந்திப் புண் வரக் கூடாது என்று, ஒவ்வொரு தரமும் இரண்டு கையையும் சீட்டில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று இறங்குவார். பேச்சை நிறுத்தாமலே செய்வார். தர்மபுரி, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி வரைக்கும் இந்த பீப்தான். ஆம்பூரில் பிரியாணி. கூட வரும் கத்திரிக்காயைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது வேறு கட்டுரையாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

மதியம் வேலூர். லாட்ஜ்காரர் போனில் "வீல்சேர் எல்லாம் போகும் சார்" என்று சொல்லியிருந்தார். போனது, அறை வரைக்கும். பாத்ரூம் கதவு 22 அங்குலம், சக்கர நாற்காலி 25. டேப் வைத்து நானே அளந்தேன். பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கதவுக்கு அந்தப் பக்கம் போட்டு, நாற்காலியிலிருந்து அதற்குத் தாவினார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் வியர்த்தது.

முதல் நாள் இரவு, 11 மணி

தூங்கப் போகிற நேரத்தில் எழுதுகிறேன்.

சித்தப்பா படுப்பதற்கு முன் கண்ணாடியை எடுத்தார். ஒருக்களித்துப் படுத்து, கம்பியைப் பின்னால் கொண்டுபோய், மொபைல் டார்ச் அடித்து, பிட்டம், இடுப்பெலும்பு, தொடையின் பின்பக்கம், குதிகால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தச் சாமான் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. இடது கெண்டைக்காலுக்கு வந்ததும் கண்ணாடி நின்றது.

"கண்ணு, இங்க வா. இது என்ன?"

எட்டணா அகலத்துக்குக் கொப்புளம். சுற்றிலும் சிவப்பு. ஐந்து மணி நேரம் அவருடைய கால் இஞ்சின் மூடியில் சாய்ந்திருந்திருக்கிறது. அதே மூடியில் என் கை பட்டபோது நான் 'ஸ்ஸ்' என்று எடுத்தேன். அவருக்கு எடுக்கச் சொல்ல ஆள் இல்லை. இடுப்பைத் தூக்கச் சொல்லும் கடிகாரத்துக்குக் காலைப் பற்றித் தெரியாது.

முன் சீட்டில் உட்கார வைத்தவன் நான். லாரிகளோடு பதினைந்து வருடம் இருக்கிறவன், இஞ்சின் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன்.

"அட உடு. நாளைக்கு அங்கதான போறோம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் நாள்: பாகாயம்

காட்பாடியிலிருந்து பாகாயம் போகிற 1, 2-ஆம் நம்பர் டவுன் பஸ்கள் வேலூருக்குத் தமிழ் தெரியாமல் வருகிறவர்களுக்குக்கூட மனப்பாடம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் அத்தனை பேர். காந்தி ரோட்டில் பாதி போர்டு வங்க எழுத்தில் இருக்கிறது. நாங்கள் ஆட்டோ.

கொப்புளத்தை உடைக்காமல் மருந்து வைத்துக் கட்டினார்கள். எப்படி வந்தது என்று கேட்ட நர்ஸம்மா, நான் சொன்னதும் திட்டவில்லை. "எவ்வளவு நேரத்துல கண்டுபிடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு இராத்திரியே என்றதும் சித்தப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். பரீட்சையில் பாஸ் போட்ட வாத்தியார் மாதிரி.

ஸ்கேனுக்கும் மூத்திரப் பரிசோதனைக்கும் காத்திருந்த நேரத்தில், நேற்று விட்ட இடத்திலிருந்து சித்தப்பா கதையைத் தொடர்ந்தார். அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

சி.எம்.சி.யின் ஆரம்பம் பலருக்குத் தெரியும். ஐடா ஸ்கடர் 1900-ல் மருத்துவராக வேலூருக்கு வந்து ஒற்றை அறையில் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அந்தக் கதை பள்ளிக்கூடப் புத்தகம் வரைக்கும் வந்துவிட்டது. மறுவாழ்வு மருத்துவமனையின் கதை அவ்வளவு பரவவில்லை. அது தொழுநோயில் ஆரம்பிக்கிறது.

1946-ல் பால் பிராண்ட் வேலூருக்கு வந்தார். அப்போது தொழுநோய் என்றாலே விரல் அழுகி விழும், அந்தச் சதையே கெட்டது, அறுத்தால் ஆறாது என்றுதான் மருத்துவர்களும் நினைத்தார்கள். பிராண்ட் மடங்கிப்போன கைகளைப் பார்த்தார். விரலை நீட்டும் தசைகள் செத்திருந்தன. முன்கையில் இருந்த வலுவான தசைகள் உயிரோடு இருந்தன. வேலை செய்கிற தசைநாண் ஒன்றை எடுத்து, கீற்றுக் கீற்றாகப் பிரித்து, விரல்களுக்கு இழுத்துக் கட்டினார். புண் ஆறியது. சதை நல்ல சதைதான்.

ஆனால் கட்டிவிட்டால் மட்டும் கை வேலை செய்யாது. நேற்று வரை மணிக்கட்டுக்கு வேலை பார்த்த தசை இன்றைக்கு விரலை நீட்ட வேண்டும். மூளைக்குப் புதுப் பாடம். வாரக்கணக்கில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். மறுவாழ்வு என்ற வேலை இங்கே முளைவிட்டது இந்தத் தேவையில்தான்.

அடுத்த சிக்கல். கை சரியானவர்களுக்கு ஊரில் இடமில்லை. அவர்களுக்காக 1950-களில் கல்லூரி வளாகத்தில் மண் குடிசைகளோடு நவஜீவ நிலையம் வந்தது. தச்சு வேலை, பொம்மை செய்வது எல்லாம் கற்றார்கள். அங்கே ஒரு வினோதம். சிலருக்குக் காலையில் எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணோம். இராத்திரி விழித்திருந்து பார்த்தால், எலி. தூங்குகிறவருக்கு வலியில்லாததால் எலி நிதானமாகத் தின்றுவிட்டுப் போகிறது. அதற்கப்புறம் ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்களாம். பிராண்ட் எழுதிய நினைவுகளில் இது இருக்கிறது. இதைச் சொன்னபோது சித்தப்பா சிரித்துக்கொண்டே தன் காலைத் தட்டினார். "எனக்கு எலி, உன்ற வேன் இஞ்சினு."

வலிக்கவில்லை என்பதுதான் கேடு. நோய் நரம்பை மட்டும் கொல்கிறது. மீதியை ஆணியும் அடுப்பும் செருப்பும் கொல்கின்றன. வேலூர் பக்கத்தில் கரிகிரியில் 1955-ல் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை வந்தது. பின்னால் அங்கே பஞ்சு மாதிரி மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் செய்ய ஆரம்பித்தார்கள். அதில் ஆணி அடிக்க மாட்டார்கள், தைப்பார்கள் அல்லது ஒட்டுவார்கள். ஆணி மேலே எழும்பினால் போட்டிருப்பவருக்குத் தெரியாது.

இனி மேரி வர்கீஸ். 1925-ல் கொச்சியில் வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். வேலூரில் படித்து டாக்டரானார். மகப்பேறு மருத்துவத்துக்குப் போவதாக இருந்தார். 1954 ஜனவரியில் இளம் மருத்துவர்கள் கூட்டமாக வெளியே போன வண்டி கவிழ்ந்தது. மேரிக்கு முகம் கிழிந்து எலும்பு நொறுங்கியது, தண்டுவடம் போனது. வயது 28.

அவரிடம் போய், கை அறுவை சிகிச்சை கற்றுக்கொள் என்று சொன்னவர் பிராண்ட். கை அறுவையைச் சின்ன மேஜையில் நோயாளியின் கையை வைத்து, டாக்டர் உட்கார்ந்துதான் செய்வார். நிற்க வேண்டியதில்லை. இதில் ஆறுதல் பேச்சு ஒன்றும் இல்லை. எந்த வேலைக்கு எந்த உறுப்பு வேண்டும் என்று கணக்குப் போட்ட பேச்சு. தச்சன் பேச்சு என்பேன். மேரி கற்றார். சக்கர நாற்காலியில் தியேட்டருக்குப் போய், வலி தெரியாத கைகளை, இடுப்புக்குக் கீழே வலி தெரியாத ஒருவர் சரிசெய்தார். நம்மைவிட மோசமான நிலைமையில் இருக்கிற டாக்டரம்மாவைப் பார்த்ததும் நோயாளிகளுக்கு என்ன தோன்றியிருக்கும்?

அதோடு நிற்கவில்லை அவர். ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போய்த் தன் உடம்புக்கே மறுவாழ்வுப் பயிற்சி எடுத்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் அந்த மருத்துவத்தையே படித்தார். ரஸ்க், இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட விமானப்படைக்காரர்களோடு வேலை பார்த்து இந்தத் துறையை அமெரிக்காவில் வளர்த்தவர். அதே காலத்தில், 1944-ல், இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில்லில் லுட்விக் குட்மன் தண்டுவடப் பிரிவைத் தொடங்கியிருந்தார். அதற்கு முன் முதுகு உடைந்தவர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணிலும் மூத்திரக்கிருமியிலும் செத்தார்கள்.

மேரி திரும்பி வந்து 1963-ல் உடலியக்க மருத்துவ, மறுவாழ்வுத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் பாகாயத்தில் இந்த மருத்துவமனை திறந்தது. நோயாளிகளைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டு மறுவாழ்வு கொடுத்த இந்தியாவின் முதல் நிலையம் இது என்பார்கள். 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார்.

சித்தப்பா பயிற்சிக் கூடத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் கம்பி போட்ட நடைபாதை. காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) மாட்டிய ஒரு பையன் கம்பியைப் பிடித்து இடுப்பைச் சுழற்றிச் சுழற்றி அடியெடுத்து வைத்தான். வயது பதினெட்டு இருக்கும். அவன் அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு அடிக்கும் உதட்டை அசைத்தார், எண்ணுகிற மாதிரி.

"நானும் இப்படித்தான், நடக்கத்தான் வந்தேன்" என்றார் சித்தப்பா.

அவர் முதலில் இரண்டு மாதம் கிடந்த இடம் வேறு. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். அங்கே அவரை மல்லாக்கப் போட்டு, "அசைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். அசைக்காததால் முதுகடியில் கைமுஷ்டி போகிற அளவுக்குப் புண். பாகாயத்துக்கு வந்ததும் அந்தப் புண்ணை ஆற்றத்தான் முதல் சில வாரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போடு. சித்திக்குக் கற்றுக்கொடுத்து அவரையே செய்ய வைத்தார்கள். குழாய் விட்டு மூத்திரம் எடுப்பதைச் சித்தப்பாவுக்கே கற்றுக்கொடுத்தார்கள். நடப்பதைப் பற்றி எப்போது கேட்டாலும், "முதல்ல கட்டில்ல இருந்து நாற்காலி, நாற்காலில இருந்து கக்கூஸ்" என்றே பதில் வந்ததாம்.

"கோவமா வந்துச்சு. இப்பச் சொல்றேன், நடக்க வெக்கிறேன்னு சொன்ன எல்லாரும் காசு புடுங்குனாங்க. இங்க ஒருத்தரும் சொல்லல."

மூன்றாம் நாள்: மேளா

பழைய நோயாளிகளை வருடத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு வரவழைத்து இங்கே 'ரீஹேப் மேளா' நடத்துகிறார்கள். பரிசோதனை, விளையாட்டு, பாட்டு. நாங்கள் வந்தது அதற்குத்தான். சக்கர நாற்காலிப் பந்தயத்தில் சித்தப்பா நாலாவது. மொத்தம் எத்தனை பேர் ஓடினார்கள் என்று எழுதக் கூடாது என்று உத்தரவு.

பந்தயத்தைவிட எனக்குப் பிடித்தது மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் நடந்த பேச்சு. திருவண்ணாமலைப் பக்கம் பனை மரத்திலிருந்து விழுந்த ஒருத்தர், இப்போது செல்போன் ரிப்பேர் கடை. கிணற்றில் விழுந்த ஒரு அக்கா, மோட்டார் வைத்த தையல் மிஷினைக் காலுக்குப் பதில் முழங்கையால் ஓட்டுகிறார். யாரும் யாரையும் "எப்படி இருக்கீங்க" என்று கேட்கவில்லை. "சரிவு எத்தனை அடி போட்டீங்க?", "புண்ணு இல்லாம எத்தனை வருஷம்?" இதுதான் குசலம்.

சரிவு என்றதும் சித்தப்பா எங்கள் வீட்டுக் கதையை எடுத்துவிட்டார். டிஸ்சார்ஜ் ஆகிற சமயம் வீட்டு அளவெல்லாம் கேட்டார்கள். கதவு எத்தனை அகலம், படி எத்தனை உயரம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு வேண்டும் என்று கணக்குக் கொடுத்தார்கள். எங்கள் வாசலில் மூன்று படி, மேலே மஞ்சள் பூசின நிலைப்படி. அதை அறுக்கச் சொன்னதும் அப்பத்தா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "நெலவ அறுத்தா குடும்பம் அறுந்துரும்" என்று. ஒரு மாதம் சண்டை. கடைசியில் முன்வாசலைத் தொடாமல், மாட்டுக்கொட்டகைப் பக்கம் புறக்கடைக் கதவை அகலப்படுத்தி, பட்டறையிலிருந்து நான் கொண்டுபோன பழைய லாரித் தகட்டைச் சரிவாகப் போட்டோம். அப்பத்தா சாகும் வரைக்கும் சித்தப்பா மாடு போகிற வழியில்தான் வீட்டுக்குள் போனார். அவர் காரியம் முடிந்த மறுவாரம் சித்தப்பாவே கொத்தனாரைக் கூப்பிட்டு நிலைப்படியை எடுக்கச் சொன்னார். எடுக்கும்போது அழுதார் என்று சித்தி சொல்வார். அதை அவர் அங்கே சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் கோட்டைக்குப் போகலாம் என்றேன். 1806 சிப்பாய்க் கலகம் நடந்த இடம், ஜலகண்டேஸ்வரர் கோவில். "அகழியச் சுத்தி ஒரு ரவுண்டு போதும், கால் காயட்டும்" என்றுவிட்டார். ஒரு ரவுண்டு போனோம்.

நாலாம் நாள்: திரும்பும் வழி

வேனில் நடு சீட். காலுக்கு அடியில் தலையணை. டிரைவர் தம்பி அவராகவே முன் சீட்டில் பழைய சாக்கை நனைத்துப் போட்டு, கையை வைத்து வைத்துப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்தவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

புறப்படும் முன் ஆட்டோ ஸ்பேர் கடை ஒன்றில் நிறுத்தி, இன்னொரு பைக் கண்ணாடி வாங்கினேன். 140 ரூபாய். கம்பி பட்டறையில் கிடக்கிறது. பயிற்சிக் கூடத்தில் கம்பி பிடித்து நடந்த பையன் இராசிபுரத்துக்காரன் என்று நேற்றுத்தான் தெரிந்தது. அவன் அம்மா சித்தப்பாவின் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

தொப்பூர் கணவாயில் லாரிகள் வரிசையாக நின்றன. கடிகாரம் 'பீப்' என்றது. சித்தப்பா கையை ஊன்றி எழும்பினார், இறங்கினார்.

"கண்ணு, கட்டுக்கு மேல பாத்துச் சொல்லு. செவந்திருக்குதா?"

வேட்டியை விலக்கிக் குனிந்து பார்த்தேன். புறங்கையை வைத்தும் பார்த்தேன். சூடில்லை.

"இல்லீங்க சித்தப்பா."

"அந்தப் பக்கம்?"